கரையோடு நிற்கும் உள்ளூர்

நாகர்கோவில் வானொலியைப் பற்றி எதைப் படித்தாலும் முதல் வரி ஒன்றுதான்: இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம், 1984. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 'முதல்' என்ற சொல்லுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட 'உள்ளூர்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கவில்லை. யாருடைய உள்ளூர் அது?

1956 நவம்பர் 1 அன்றுதான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன்பிறகும் வானொலியில் ஒருபக்கம் திருநெல்வேலி, மறுபக்கம் திருவனந்தபுரம். இரண்டுமே பக்கத்து வீட்டுக் குரல்கள். சொந்தமாக ஒரு நிலையம் வந்ததன் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. மாநிலம் முழுக்கக் கேட்கும் நிலையத்துக்குப் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் வெறும் எண். இந்த ஊர் விவசாயிக்கு அது அடுத்த பூ.

சரி, வயலுக்கு உள்ளூர் கிடைத்தது. கடலுக்கு?

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் இன்ஜினியர் குறுக்கே வருகிறான். பண்பலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்தது. 100 மீட்டர் உயரக் கோபுரம் என்றால் கடல் மட்டத்தில் சுமார் 40 கிலோமீட்டர் வரை நம்பலாம். அதைத் தாண்டினால் மெல்ல மெல்ல இரைச்சல்தான். தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் போவதோ லட்சத்தீவு, குஜராத் என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக்கடலில் புயலானபோது அவர்களில் பலர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். திரும்பாதவர்கள் பலர். அந்தத் தூரத்துக்குப் பண்பலை எட்டாது. இது நிலையத்தில் வேலை செய்தவர்கள் மீதான குறை இல்லை. 'உள்ளூர்' என்பதை டிரான்ஸ்மிட்டரின் வட்டத்தை வைத்து வரைந்த யோசனையின் குறை.

"அதுக்குத்தான் சேட்டிலைட் போன் இருக்கே" என்பார்கள். இருக்கட்டும். அது எத்தனை படகில் இருக்கும்? சாதாரண ரேடியோ எல்லாப் படகிலும் இருக்கலாம். இன்னொன்று: உப்புநீர் நல்ல மின்கடத்தி என்பதால் மத்திய அலை நிலத்தைவிடக் கடல்மேல் வெகுதூரம் போகும். பழசு என்று நாடு முழுக்க ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் அந்த மத்திய அலைதான் கடலுக்குப் பொருத்தமானது. நம் வானொலி வரலாறுகளோ மத்திய அலையிலிருந்து பண்பலைக்கு மாறியதை 'வளர்ச்சி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகின்றன.

நாகர்கோவில் நிலையத்தின் வரலாற்றை இனி யாராவது எழுதினால், கேட்டவர்களின் நினைவுகளோடு, சத்தம் எந்தக் கடல்மைலில் தேய்ந்து நின்றது என்று படகுக்காரர்களிடமும் கேட்டு எழுதட்டும்.