பசையிலிருந்து திருகாணிக்கு: டிரைவர் ஷாஃப்ட் மாற்றத்தின் நிறையும் குறையும்

கோல்ஃப் டிரைவர் வாங்க வருபவர்களின் கண் முதலில் தலைமேல்தான் போகும். ஆனால் அந்தத் தலை எந்தக் கோணத்தில் பந்தை வந்தடைகிறது என்பதில் தண்டான ஷாஃப்டுக்கும் பெரும் பங்கு உண்டு. ஷாஃப்டை மாற்ற ஒரு தலை எவ்வளவு இடம் தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பீடு முழுமையாகும்.

தலையின் வளர்ச்சி வியப்புக்குரியது. பெர்சிமன் மரத்தின் ஆட்சியை அசைத்த டெய்லர்மேடின் எஃகுத் தலை 1979-இல் வந்தது. 1991-இல் காலவேயின் பிக் பெர்த்தா 190 கன சென்டிமீட்டர். 1995-இல் டைட்டானியத்தில் வந்த கிரேட் பிக் பெர்த்தா 250. இன்றைய விதி அனுமதிக்கும் உச்சம் 460. தலை பெருத்து, எடை விளிம்புகளுக்கு நகர்ந்ததால், அடி நடுவில் விழாதபோதும் முகம் அதிகம் திரும்புவதில்லை. சாதாரண ஆட்டக்காரருக்கு இது உண்மையான நன்மை.

இந்த முன்னேற்றத்தின் சுமை பழுதுபார்ப்பவர் மேல் விழுந்தது. தலையில் ஷாஃப்ட் பொருந்தும் கழுத்தின் எடையைக் குறைப்பதற்காக, பிக் பெர்த்தாவில் ஷாஃப்ட் தலையை ஊடுருவி அடிப்பாகம் வரை சென்றது. புதியதைப் பொருத்துபவர் அதன் நுனியை அடிப்பாகத்தின் வளைவுக்கு இணையாக அறுத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. சாதாரணக் கழுத்துள்ள தலைகளிலும் எபாக்ஸி பசையைச் சூடாக்கி இளக்கியாக வேண்டும். எஃகு ஷாஃப்டை முறுக்கி எடுத்துவிடலாம். கிராஃபைட்டை முறுக்கினால் இழைகள் பிளந்துவிடும் என்பதால் அதை நேராகவே இழுக்க வேண்டும். புதுப் பசை இறுக ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்க வேண்டும். இந்த நிலையில் நாலு ஷாஃப்டை அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது யாரால் முடியும்?

2009-இல் டெய்லர்மேட் ஆர்9 போன்ற டிரைவர்கள் பரவலாக்கிய திருகாணி ஸ்லீவ், அதாவது ஷாஃப்டின் நுனியில் ஒட்டித் தலையோடு திருகாணியால் இணைக்கும் உறை, இதற்கு விடை தந்தது. சாவியால் திருகினால் சில நொடிகளில் ஷாஃப்ட் கழன்றுவிடும். தலையின் சாய்கோணத்தையும் சற்றே மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவில் மட்டும் விதி இதற்கு இடம் தராது. ஒரே தலையில் பல ஷாஃப்டுகளை அடித்து ஒப்பிடும் வாய்ப்பு இந்த முறையின் மிகப்பெரிய வெற்றி.

குறைகளும் உண்டு. ஸ்லீவும் திருகாணியும் கழுத்துப் பக்கம் சில கிராம் எடையைக் கூட்டுகின்றன. அதை வடிவமைப்பாளர் வேறிடத்தில் ஈடுகட்ட வேண்டும். சாய்கோணத்தைக் கூட்டினால், தரையில் வைக்கும்போது முகமும் மூடுகிறது. நீளம் அரை அங்குலம் மாறினால் வீசும்போது தலைப்பக்கம் உணரும் பாரத்தைக் குறிக்கும் சுவிங் வெயிட் ஏறக்குறைய மூன்று புள்ளி நகரும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ஸ்லீவ்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமைதான். பசைக் காலத்தில் 0.335 அங்குல நுனி பல நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்தது. இன்று ஒரு நிறுவனத்தின் ஸ்லீவ் இன்னொன்றின் தலைக்குள் நுழையாது. ஒரே நிறுவனத்தின் பழைய ஸ்லீவ் புதிய தலைக்குப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. விலை உயர்ந்த ஷாஃப்டை வேறு தலைக்குக் கொண்டுபோக வேண்டுமானால், ஸ்லீவைச் சூடாக்கிக் கழற்றும் பழைய வேலையே திரும்ப வருகிறது.

திருகாணி முறை சரியானது. அதைச் சுற்றி எழுப்பிய வேலிதான் தவறு. முகத்தின் தடிமனிலும் எடைப் பங்கீட்டிலும் நிறுவனங்கள் தாராளமாகப் போட்டியிடட்டும். இணைப்பின் அளவைப் பொதுவாக்குவதால் எந்தத் தலையின் திறனும் குறைந்துவிடாது. உற்பத்தியாளர்கள் கூடி அதற்கொரு பொது அளவை வகுக்க வேண்டும். அதுவரை, எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பதோடு, இந்த ஸ்லீவ் அடுத்த தலைக்கும் பொருந்துமா என்றும் வாங்குபவர்கள் கடையில் கேட்க வேண்டும்.