ஒளிரும் செல் படங்களை எவ்வளவு நம்பலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை வெளியிட்டார்கள். மாதிரிகளைத் தந்து உதவியது அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். எக்ஸ் கதிர் காட்டியது, அசைவற்ற நாரின் வடிவத்தை. உயிருள்ள செல்லுக்குள் புரதங்கள் ஓடியாடுவதைக் காண வேறு வழி வேண்டும்.

அதுதான் உடனொளிர்வு நுண்ணோக்கி. வடபசிபிக் கடலின் ஒருவகைச் சொறி மீனிலிருந்து 1962-இல் ஷிமோமுரா பிரித்த பச்சை ஒளிர் புரதம் இதற்குக் கைகொடுக்கிறது. (எலியட்ஸ் கடற்கரையில் ஒதுங்குபவை வேறு, தொடாதீர்கள், அரிக்கும்!) அதன் மரபணுவை நமக்கு வேண்டிய புரதத்தின் மரபணுவோடு இணைத்துவிட்டால், புரதம் போகுமிடமெல்லாம் விளக்கும் போகும். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும்.

ஆனால், வாசகர்களே, நாம் பார்ப்பது புரதத்தை அன்று. அதன் முதுகில் ஏற்றிய விளக்கை. விளக்கில் 238 அமினோ அமிலங்கள். இன்சுலினிலோ 51 தான். மணி கட்டிய பூனை முன்போல எலி பிடிக்குமா? சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கிய இரு புரதங்கள் ஒன்றாகவே தெரியும். அவை தொட்டுக்கொண்டன என்று சொல்வது அவசரம். படத்தின் நிறமும் பெரும்பாலும் கணிப்பொறி தீட்டியதே.

நீடித்த ஒளியில் விளக்கு அணைந்துவிடும், செல்லும் நலியும். அணைவதையே ஆய்வாளர்கள் கருவியாக்கியது கெட்டிக்காரத்தனம். லேசரால் ஓரிடத்தை இருளாக்கி, சுற்றியுள்ள ஒளிரும் புரதங்கள் அங்கே வந்து நிரம்பும் நேரத்தை அளக்கிறார்கள். நேரம் குறைந்தால் ஓட்டம் அதிகம்.

ஆகவே இத்தகைய படத்தைக் கண்டால் கேளுங்கள்: விளக்கைப் புரதத்தின் மறுமுனையில் மாட்டியும் பார்த்தார்களா? சொந்தப் புரதம் நீக்கப்பட்ட செல்லில், விளக்கேந்திய புரதம் அதன் வேலையைச் செய்ததா?