ஸ்கேகன் மரபும் நம் வீட்டுச் சுவர்களும்

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். தலைவர் ஐயாவும் சொல்லியனுப்பிய பிறகு மறுக்க வழியில்லை. டென்மார்க் ஓவியர் எக்கர்ஸ்பெர்க் யார், அந்நாட்டின் வடமுனை மீனவர் ஊரான ஸ்கேகன் எங்கே என்று தொடங்கினால் நம் உறுப்பினர்கள் சிரிப்பார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊரில் கூடி வரைந்த ஸ்கேகன் ஓவியர்களை ஒரே கட்டாகக் கட்டிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாரிஸில் ஓவியர் போனாவிடம் பயின்று, 1882-இல் ஸ்கேகனுக்கு வந்த குரோயருடையது ஒளியின் வழி. அந்த ஊரிலேயே பிறந்த அன்னா அங்கர், அறைக்குள் விழும் வெயிலை வைத்தே ஓர் உலகம் படைத்தார். லோகர் கடலையும் கப்பலையும் விட்டு நகரவில்லை. இவர்களுக்கு உரிய மரியாதை உண்டு. ஆனால் கரையோர வாழ்வு என்றால் மைக்கேல் அங்கர்தான், மற்றவர்கள் பிறகு.

போர்ன்ஹோம் தீவில் 1849-இல் பிறந்து, 1874-இல் ஸ்கேகனுக்கு வந்து, அங்கேயே அன்னாவைப் பெண் எடுத்து, அங்கேயே மறைந்தவர். கோடைக்கு வந்து போனவர் அல்லர். 1879-இல் அவர் வரைந்து, மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் வாங்கிய படத்தைப் பாருங்கள். கடலோரம் எண்ணெய்த்துணிச் சட்டையும் கனத்த பூட்ஸுமாக மீனவர்கள் நிற்கிறார்கள். முனையைச் சுற்றிவர ஒரு படகு போராடுகிறது. படகு படத்தில் இல்லை. அந்த முகங்களில்தான் அதைத் தேட வேண்டும். 1896-இல் வரைந்த ‘மூழ்கியவர்’ படத்தில் கிடப்பவர் ஸ்கேகன் மீனவர் லார்ஸ் குரூஸ். எத்தனையோ பேரைக் கடலிலிருந்து மீட்டவர், கடைசியில் கடலுக்கே போனார்.

எங்கள் ஆசிரியரும் மைக்கேல் அங்கரின் வழிக்காரர். மாலைப் பள்ளியில் செப்புத்தகட்டு அச்சு சொல்லிக்கொடுத்தவர். குரோயர் போன்றோருக்கே அச்சுக்கலை கற்பித்த லோகரின் பரம்பரை என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். மைக்கேல் அங்கர் படத்தின் முகங்களைக் காகிதத்தால் மறைத்து, “கால்களை மட்டும் பார். மணலில் பாரம் இறங்குகிறதா?” என்பார். அச்சில் அவர் கறார் பேர்வழி. தகட்டில் மை தடவி வலைத்துணியால் துடைக்கும்போது ஒரு கை கூடினாலும் வானம் வெளுத்துவிடும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. ஈரத்தாளில் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே கையெழுத்திட விடுவார்.

அந்தக் கறாரைக் கண்ட எனக்கு, இப்போது வீடுகளுக்கு வரும் ஸ்கேகன் ஓவியங்களின் அச்சுப்படங்களைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. யாரையும் குறிப்பிடவில்லை. அச்சடிப்போரில் பலர் நண்பர்கள். இந்த மலருக்கே விளம்பரம் தந்தவர்களும் உண்டு. இந்த ஓவியங்களின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்தது, யாரும் அச்சிடலாம்; சரி. அதற்காக குரோயர் 1893-இல் வரைந்த கோடை மாலைப் படத்துக்குச் சோபாவின் நிறத்தில் நீலம் ஏற்றலாமா? கடையில் கிடைக்கும் சட்டத்தில் அடங்கவில்லை என்று கடற்கரையை ஒரு சாண் வெட்டலாமா? மைக்கேல் அங்கரின் சாம்பலும் பழுப்பும் ‘மங்கலாக இருக்கிறது’ என்று கறுப்பைக் கூட்டுகிறார்கள். மீனவரின் தாடியில் இருந்த ஈரம் போய்விடுகிறது. இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மேகமூட்டமான கடல் அழகாகத் தெரியுமா? தெரியாது. கண் போனால் ரசனை போயிற்று. ரசனை போனால் தச்சன் மேசை செய்வதிலிருந்து தையற்காரன் பொத்தான் வைப்பதுவரை எல்லாம் போயிற்று. நாட்டில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்துவதில்லை என்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் சங்கத்து மூத்தவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வது அவர்களின் பெருந்தன்மை. எனக்கு அது இல்லை. நம் சங்கத்தின் வரும் கண்காட்சியில் விற்கும் ஒவ்வொரு அச்சுப்படத்தின் பின்னும் ஓவியர் பெயர், ஆண்டு, மூலப்படம் இருக்கும் அருங்காட்சியகம், அதன் உண்மை அளவு, வெட்டியிருந்தால் வெட்டிய செய்தி ஆகியவை இருக்க வேண்டும். செயலாளர் இதைப் பொதுக்குழுவில் வைக்கட்டும். நான் முன்மொழிகிறேன், வழிமொழிய ஒருவர் வந்தால் போதும்.