புல்லட்டின் ஐந்தாவது கியர்

தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை சாலையில், ஒரத்தநாடு பக்கம் பழைய புல்லட் ஒன்று போனால் எல்லோர் காதும் சைலன்சரில்தான். ரசிக்க வேண்டிய இன்னொன்று அதன் கியர்பாக்ஸ்.

1956இல் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கிய 350 சிசி புல்லட்டில் இன்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு. இன்ஜினின் முதுகில் அதை நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். கிளட்ச், பிரைமரி செயினை இறக்கிவிட்டால் பிஸ்டனைத் தொடாமலே பெட்டியைக் கழற்றிவிடலாம். பின்னாளில் அதே வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு ராயல் என்ஃபீல்டே ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்ததும், பழைய வண்டியில் அதைப் பூட்ட மெக்கானிக்குகளுக்குக் கதவு திறந்தது.

இடதுகால் கியர் வகையைப் பூட்டினால் வேலை பெட்டியோடு நிற்காது. இடப்பக்க பிரேக் மிதியை வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும். நிறுத்த நினைக்கும் கால் சில நாள் கியரை மிதிக்கும். காலி சாலையில் பழகுவது நல்லது.

கியர் விழுவது மென்மையாகும், உண்மைதான். ஆனால் பழைய நாலு கியர் பெட்டியில் நியூட்ரலுக்கென்றே தனி மிதி உண்டு. நாலாவது கியரில் வந்து நின்றாலும் குதிகாலால் ஒரே அழுத்து, நியூட்ரல்! புதுப் பெட்டியில் அது கிடையாது. அதற்காகவே சிலர் மாற்ற மறுக்கிறார்கள், நியாயம்தான்.

பின்னர் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜின்) வகையில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிட்டன. அங்கே இந்தக் கைவேலைக்கு இடமில்லை.