ஒரே விரிப்பில் இரண்டு உடை

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் சியர்லீடிங் அணி ஒன்றைப் போட்டியில் பாருங்கள். 54 அடிக்கு 42 அடி விரிப்பு, இரண்டரை நிமிடம். அதற்குள் கரணம் போடுகிறார்கள், ஒருவரை ஒருவர் தூக்குகிறார்கள், கோபுரம் கட்டுகிறார்கள், ஆளை மேலே வீசிப் பிடிக்கிறார்கள். ஆண்கள் அணிந்திருப்பது இடுப்பை மூடிய சட்டையும் முழுக் கால்சட்டையும். பெண்களுக்குப் பல அணிகளில் விலா எலும்போடு நின்றுவிடும் மேல்சட்டையும் தொடை தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும் பாவாடையும். செய்கிற வேலை ஒன்று, விழுந்தால் படுகிற அடியும் ஒன்று. இந்த விளையாட்டுக்கு இந்த உடைதான் பொருந்தும் என்று வாதாடுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் காட்சிக்கு.

நம் வாசகர்களில் பலருக்குச் சியர்லீடர் என்றதும் நினைவுக்கு வருவது 2008-இல் தொடங்கிய ஐபிஎல் ஆட்டங்களில் எல்லைக்கோட்டோரம் ஆடியவர்கள். அதைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். அது ஊதியம் வாங்கும், வயது வந்தவர்களின் கேளிக்கைத் தொழில். இங்கே எடைபோட எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் போட்டிச் சியர்லீடிங்கை. பள்ளி, கல்லூரி அணிகளும், 'ஆல் ஸ்டார்' எனப்படும் தனியார் பயிற்சிக்கூட அணிகளும் நடுவர்கள் முன் மதிப்பெண்ணுக்காக மோதும் விளையாட்டு அது. ஆடுபவர்களில் பெரும்பாலோர் பதின்வயதுப் பெண்கள். ஆல் ஸ்டாரில் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்த குழந்தைகளுக்குக்கூட அணி உண்டு.

ஆனால் உடையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1898 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கமிட வைத்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. அடுத்த கால் நூற்றாண்டு இது ஆண்களின் வேலையாகவே இருந்தது. 1923-இல் அதே பல்கலைக்கழகத்தில் பெண்களும் சேர்ந்தார்கள். 1950களின் புகைப்படங்களில் அவர்கள் கம்பளி ஸ்வெட்டரும் முழங்காலைத் தாண்டும் பாவாடையுமாக நிற்கிறார்கள். 1972-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வயிறு தெரியும் மேல்சட்டையோடு ஒரு நடனக் குழுவை இறக்கியது. தொலைக்காட்சி அந்தத் தோற்றத்தை நாடெங்கும் கொண்டுபோனது. அதன் பின் வந்த ஆண்டுகளில் பள்ளி, கல்லூரிச் சியர்லீடிங்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் புகுந்தது, ஆளை எறிந்து பிடிப்பது புகுந்தது, போட்டிகள் பெருகின. உடல் செய்யும் வேலை அடியோடு மாறிவிட்டது. பாவாடை மட்டும் கூட்டத்தை உற்சாகப்படுத்திய காலத்திலிருந்து அப்படியே வந்து சேர்ந்தது, நீளம் குறைந்ததைத் தவிர.

இன்றைய உடைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் அசைவுச் சுதந்திரம். மேலே ஏறி நிற்பவரை ஃபிளையர் என்கிறார்கள். அவர் பாதத்தைக் கையில் தாங்குபவர்கள் பேஸ். பின்னால் நின்று அவர் கணுக்காலை விடாமல் பிடித்திருப்பவர் பேக்ஸ்பாட். ஃபிளையர் ஒற்றைக் காலில் நின்றபடி மறு காலை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தலைக்கு மேலே கையால் பிடிக்கும் நிலைக்கு ஸ்கார்ப்பியன் என்று பெயர். அந்த நிலையில் தோளிலோ இடுப்பிலோ துணி ஒரு விரற்கடை இழுத்தாலும் சமநிலை போய்விடும். கம்பளியும் விறைப்பான பாலியஸ்டரும் இருந்த காலத்தில் துணியைக் குறைப்பது நியாயமான தீர்வாக இருந்தது. எல்லாத் திசையிலும் இழுபடும் துணி வந்த பிறகு அந்த நியாயம் தேய்ந்துவிட்டது. 2021-இல் பாசெல் நகரில் நடந்த ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியிலும், பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஜெர்மன் வீராங்கனைகள் கணுக்கால்வரை மூடிய உடையில் ஆடினார்கள். சியர்லீடிங் கேட்பதைவிடக் குறைவான வளைவையா ஜிம்னாஸ்டிக்ஸ் கேட்கிறது?

பிடிமானம் பற்றிய வாதம் இன்னும் நுட்பமானது. ஆண்–பெண் இணையாகச் செய்யும் சாகசங்களில் ஆண் பெண்ணின் இடுப்பைப் பற்றித்தான் மேலே வீசுகிறார். அந்த இடத்தில் வழவழப்பான துணி இருந்தால் கை நழுவும், வெறும் தோலே மேல் என்கிறார்கள். வழவழப்பான துணி ஆபத்து என்பது சரி. ஆனால் ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தில் வியர்த்த தோலும் வழுக்கும். கை நழுவாத நெசவைத் தேர்ந்தெடுப்பது தையல்காரரால் தீர்க்கக்கூடிய சிக்கல். பிடிமானத்தில் இவ்வளவு அக்கறை இருப்பவர்கள் கண்ணாடிக் கற்களைப் பற்றியும் பேச வேண்டும். ஃபிளையர் இறங்கும்போது மல்லாந்த நிலையில் விழுகிறார். இரண்டு பேஸும் முன்கைகளை நீட்டி அவர் முதுகையும் தொடையையும் ஏந்திக்கொள்கிறார்கள். மேடை விளக்கில் மின்னுவதற்காக முதுகிலும் பக்கவாட்டிலும் ஒட்டிய கற்கள் அந்த முன்கைகளில்தான் உரசிக் கீறுகின்றன. இடுப்பில் ஒரு சாண் துணி கூடினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அஞ்சுகிற அதே அணி, தாங்கிப் பிடிக்கும் கைகளில் சொரசொரப்பான கற்கள் படுவதைப் பொருட்படுத்துவதில்லை.

பயிற்சிக்கூடத்தில் இவர்கள் எதை அணிகிறார்கள் என்பது இன்னும் தெளிவான சாட்சி. வாரம் முழுவதும் உடலோடு ஒட்டிய ஷார்ட்ஸ், மேலே டி-சட்டை. பலர் ஸ்போர்ட்ஸ் பிராவோடும் பயிற்சி செய்கிறார்கள். இதை மறைப்பது நேர்மையாகாது. சிறிய உடை எல்லோருக்கும் சங்கடம் தருவதில்லை, அதைத் தாமே தேர்ந்தெடுக்கும் பெண்கள் நிறையவே உண்டு. ஆனால் யாரும் பாவாடையோடு பயிற்சிக்கு வருவதில்லை. போட்டியிலும் பாவாடைக்கு உள்ளே அணியும் உள்கால்சட்டைதான் உடையின் வேலையைச் செய்கிறது. பாவாடை அதன்மேல் சுற்றிய அலங்காரம். 2011-இல் யுஎஸ்ஏ சியர் அமைப்பு வகுத்த 'ஸ்டன்ட்' என்ற விளையாட்டு இதை நிரூபித்துக் காட்டுகிறது. கூட்டத்தை முழக்கமிட வைக்கும் பகுதியை நீக்கிவிட்டு, சாகசங்களை மட்டும் வைத்து இரண்டு அணிகள் நான்கு பகுதிகளாக மோதுகின்றன. அங்கே பாவாடையும் இல்லை, கையில் ஆட்டும் பாம்பாம் குஞ்சமும் இல்லை. தூக்குவதும் எறிவதும் கோபுரமும் அப்படியே இருக்கின்றன.

பாதுகாப்பு என்ற பெயரில் உடை மாற்றத்தைக் கேட்கிறவர்கள் மிகைப்படுத்தவும் கூடாது. 1982 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் திரட்டிய தேசியப் பதிவுகளில், உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு விளையாட்டில் நேர்ந்த மிகக் கொடிய காயங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கில் நேர்ந்தவை. பெரும்பாலும் தலையும் கழுத்தும் அடிபட்டவை அவை. உயரத்திலிருந்து விழுவதும், விழும் தரையும், பயிற்சியாளரின் தகுதியும் அங்கே காரணங்கள். எந்த உடையும் அந்தக் கழுத்தைக் காப்பாற்றாது. உடையை மாற்றிவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று கை கழுவும் சங்கத்தைவிட, உடையைத் தொடாமல் நல்ல விரிப்பு வாங்கும் சங்கம் மேல்.

உடை உண்மையில் காயப்படுத்தும் இடம் வேறு. கல்லூரிச் சியர்லீடர்கள் 136 பேரிடம் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு உணவுக் கோளாறு வரும் அபாயம் இருப்பதாக மதிப்பிட்டது. அன்றாட உடை, முழுச் சீருடை, இடுப்பு தெரியும் சீருடை என்று மூன்றையும் ஒப்பிட்டுக் கேட்டபோது, தம் உடலைப் பற்றிய அதிருப்தி மூன்றாவது உடையில்தான் மிகுந்திருந்தது. ஒரே ஆய்வை வைத்து உடைதான் நோயைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிட முடியாது. ஃபிளையரின் எடை இந்த விளையாட்டில் எப்போதும் பேச்சுப்பொருள். தூக்குகிறவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் தெரியும். ஏற்கெனவே இருக்கும் அந்த நெருக்கடியின்மேல், வயிற்றை நடுவர்களுக்கும் கேமராவுக்கும் திறந்து காட்டும் ஓர் உடையையும் சுமத்த வேண்டுமா என்று கேட்க இந்த ஆய்வு போதும்.

இந்தக் கேள்வியை மாணவிகளே எழுப்பிய தருணம் ஒன்று உண்டு. 2010-இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி அணியினர், கல்விக் குழுவின் கூட்டத்துக்குத் தங்கள் சீருடையிலேயே போய் நின்றார்கள். இந்த உடை உடலை மிகையாகக் காட்டுகிறது, எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று கேட்டார்கள். பெண்கள் விரும்பித்தானே அணிகிறார்கள் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அணிக்குச் சீருடையைத் தேர்ந்தெடுப்பவர் பயிற்சியாளரோ பயிற்சிக்கூட உரிமையாளரோதான். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அதை மறுத்தால் அவள் இழப்பது உடையை மட்டுமா, அணியில் தன் இடத்தையுமா?

மறுபக்கம், அடக்கம் என்ற அளவுகோலோடு வருகிறவர்கள் இந்த வழக்கைக் கெடுத்துவிடுகிறார்கள். 2005-இல் டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவை, பள்ளிச் சியர்லீடர்கள் பாலியல் சாயலோடு ஆடுவதைத் தடுக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் அது நின்றுபோனது. அந்த மசோதாவின் பார்வை முழுவதும் பார்க்கிறவனின் கண்ணிலிருந்து புறப்பட்டது. பெண்ணின் உடலை ஒழுங்குபடுத்தினால் பார்வை சரியாகிவிடும் என்ற எண்ணம் அது. வரம்பு மீறிப் பார்க்கிறவனுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் தனியாகத் தடையும் தண்டனையும் வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு பள்ளி மாணவியின் பாவாடை நீளத்தில் கட்டித் தொங்கவிடக் கூடாது. உடல் உழைப்பில் தேர்ந்த ஒரு பெண் தன் தசையைப் பெருமையோடு காட்டுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவள் மறைக்க விரும்பினாலும் அதே அளவு மதிப்பு வேண்டும்.

இன்னொரு வாதத்தையும் தள்ளிவிடலாம். உடையால்தான் சியர்லீடிங்கை விளையாட்டாக யாரும் மதிப்பதில்லை என்பார்கள். 2010-இல் குவினிபியாக் பல்கலைக்கழக வழக்கில் நீதிபதி போட்டிச் சியர்லீடிங்கை விளையாட்டாகக் கணக்கில் எடுக்க மறுத்தது உண்மை. அவர் பார்த்தது போட்டி அமைப்பின் முதிர்ச்சியை; பாவாடையை யாரும் அளக்கவில்லை. 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு சர்வதேசச் சியர் ஒன்றியத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தபோது உடை அதற்குத் தடையாக இருக்கவில்லை.

அப்படியானால் மாற்றத்தை நிறுத்திவைத்திருப்பது எது? விளையாட்டின் கட்டமைப்பே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜெஃப் வெப் என்பவர் 1974-இல் தொடங்கிய சியர்லீடிங் நிறுவனம் வளர்ந்து வர்சிட்டி என்ற பேரமைப்பானது. சீருடையை விற்பதும் பெரிய போட்டிகளை நடத்துவதும் அந்த ஒரே குடை. ஆல் ஸ்டார் விதிகளை வகுக்கும் கூட்டமைப்பே அந்த நிறுவனத்தின் கடனுதவியோடு உருவானதுதான். பயிற்சிக்கூடங்களும் பெற்றோரும் தொடுத்த ஏகபோக வழக்குகளில் வர்சிட்டியும் கூட்டாளிகளும் 2023-இல் 4.35 கோடி டாலருக்கும், 2024-இல் 8.25 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டார்கள். இந்தச் சமரசங்கள் உடையின் நீளத்தைப் பற்றியவை அல்ல. ஆனால் விற்பவரும் போட்டி நடத்துபவரும் ஒருவராக இருக்கும் இடத்தில், எளிமையான, மலிவான, பல ஆண்டு உழைக்கும் உடை வேண்டும் என்று யார் அக்கறையோடு கேட்பார்?

சீருடை மாறினால் அணியின் அடையாளம் போய்விடும் என்ற அச்சத்துக்கு வர்சிட்டியின் சொந்த வழக்கே பதில் தந்துவிட்டது. சீருடையின் கோடுகள், V வடிவப் பட்டைகள், வண்ண உருவங்கள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கோரி அது போராடியது. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற பெரும்பான்மையில் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வடிவங்களை உடையிலிருந்து பிரித்து எண்ண முடியும், வேறு ஆடைகளிலும் அவை பதிக்கப்பட்டிருக்கின்றன என்பது தீர்ப்பின் அடிப்படை. அப்படியென்றால் அதே கோடுகளை இடுப்பு மூடிய சட்டையிலும் ஷார்ட்ஸிலும் பதிக்கலாம்.

என் தீர்ப்பு, உடை மாற வேண்டும் என்பதுதான். அடக்கத்தின் பெயரால் அல்ல, ஆடுகிறவளின் தேவையையும் தேர்வையும் முன்வைத்து. ஒவ்வொரு பெண்ணும் பாவாடைக்குப் பதில் ஷார்ட்ஸோ முழுநீள லெகிங்ஸோ அணிய எழுத்துவடிவில் உரிமை வேண்டும், அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையக் கூடாது. அணி முழுக்க ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற மறுப்பு நிற்காது; ஆண்–பெண் அணிகள் இரண்டு வகை உடையோடு பல்லாண்டாக மதிப்பெண் வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. முழுதும் மூடிய உடை வழக்கமாக உள்ள நாடுகளின் அணிகளுக்கும் இதே விதி கதவைத் திறக்கும். நார்வே கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகள் பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்ததற்காக 2021-இல் 1,500 யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. உலகக் கூட்டமைப்பு அந்த ஆண்டு முடிவதற்குள் விதியைத் திருத்தியது. ஆகவே, மனம் வைத்தால் இதற்கு அதிக காலம் பிடிக்காது.

பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள அணிகளுக்கு மட்டும் நான் தேர்வோடு நிற்க மாட்டேன், இடுப்பு மூடிய மேல்சட்டையைக் கட்டாயமாக்குவேன். இது அவர்கள் செய்த தவறுக்கான கட்டுப்பாடு அல்ல. அவர்களுக்கான உடையைப் பெரியவர்களே வாங்குவதால், கட்டுப்பாடும் அந்தப் பெரியவர்கள்மேல் விழ வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு இப்படி ஒரு விதியை ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஆனால் கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது இடுப்பு மூடியிருந்தால் போதும் என்று அது அளக்கிறது. கை கீழே இருக்கும் நேரம் இந்த ஆட்டத்தில் சொற்பம். ஃபிளையர் இரண்டு கையையும் உயர்த்தி நிற்கும் நிலையில் வைத்து அளந்தால் சட்டைக்கு நாலைந்து அங்குலம் கூடுதல் துணி தேவைப்படும். அந்த அளவை அடுத்த ஆண்டுக்கான சீருடை ஆர்டரில் எழுதிக் கொடுத்தால் போதும்.