பதினெட்டு நாள் சீசன்

பாரதப் போர் பதினெட்டு நாளில் முடிந்ததாம். சேது எஃப்சி பெண்கள் இந்திய மகளிர் கால்பந்து லீக் கோப்பையை வென்ற சீசனும் அவ்வளவுதான். 2019 மே 5-இல் தொடங்கி 22-இல் முடிந்துவிட்டது. ஐரோப்பாவில் ஆகஸ்டில் தொடங்கினால் அடுத்த மே வரை இழுப்பார்கள். அதற்குப் பெயர் சீசன். நம் பெண்களுக்கு லூதியானா என்கிற ஒரே ஊர், மே மாத வெயில், பன்னிரண்டு அணிகள். குழு ஆட்டம் ஐந்து, அப்புறம் அரையிறுதி, இறுதி. கணுக்கால் வீக்கம் வடிவதற்குள் அடுத்த ஆட்டம் வந்து நிற்கும்.

சேதுவை மதுரை அணி என்பார்கள். வேர் காரியாபட்டிப் பக்கம். எங்கள் திருப்பரங்குன்றத்திலிருந்து அவனியாபுரம் போய் அருப்புக்கோட்டை ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மண் கறுத்துவிடும். அந்தக் கரிசலில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியை நடத்துகிறவர்கள் 2016-இல் தொடங்கிய கிளப் இது. மூன்றே வருடத்தில் கோப்பை!

எனக்கு இனிப்பது அந்த அணியின் பெயர்ப் பட்டியல். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில். மணிப்பூரின் நம்போலிலிருந்து ரத்தன்பாலா தேவி. கோல் அடிக்க நேபாளத்து சபித்ரா பண்டாரி. செல்லப் பெயர் சாம்பா, பின்னாளில் பிரான்ஸ் வரை போய் ஆடியவர். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மணிப்பூர் போலீஸ். சொந்த மாநிலத்துக்கு எதிராக, மதுரைக்காக ரத்தன்பாலா! 3-1. அதற்குப் பதினைந்து மாதம் முன்னால் கட்டாக்கில் தமிழ்நாடு முதல்முறையாக தேசிய மகளிர் பட்டம் வென்றபோதும் இறுதியில் தோற்றது மணிப்பூர்தான். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமல்ல என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கோலை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அதற்கு இரண்டு பாஸ் முந்தி. நடுக்களத்தில் நிற்பவர் பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னே ஒரு பார்வை பார்ப்பார், சமையலில் கை வேலையாக இருக்கும்போதே பால் பொங்குகிறதா என்று அம்மா திரும்புவாளே, அப்படி. அந்த அரை நொடிப் பார்வையில் யார் எங்கே என்று கணக்கு முடிந்துவிடும். பந்து வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை. அடுத்தது பாஸின் கனம். ஓடுகிறவரின் காலுக்குக் கொடுத்தால் அவர் நிற்க வேண்டும். இரண்டடி முன்னால் கொடுத்தால் ஓட்டம் அறாது. மூன்றடி போனால் கோல்கீப்பர் அள்ளிவிடுவார். சபித்ரா மாதிரி ஸ்டிரைக்கருக்கு அந்த ஒரு அடி வித்தியாசம்தான் சோறு. தமிழ் பேசும் காலிலிருந்து கிளம்பும் பந்து நேபாளி பேசும் காலுக்குச் சரியான கனத்தில் போய்ச் சேர என்ன பாஷை வேண்டியிருக்கிறது?

கோப்பையோடு திரும்பிய அணிக்கு மதுரை எவ்வளவு கைதட்டியது என்று கேட்காதீர்கள். அவனியாபுரத்தில் அடக்கிய மாடு எது, யாருடையது என்று வம்சாவளியோடு சொல்லும் எங்கள் டீக்கடையில் இந்துமதி பெயரைச் சொன்னேன். "எந்த சீரியல்ல வர்றாங்க?" என்றார் மாஸ்டர், ஆற்றுகிற கையை நிறுத்தாமல். கோபம் வரவில்லை. அவர் ஆற்றும் அழகும் ஒரு நயம்தான்.

போன வாரம் தென்கால் கண்மாய்ப் பக்கம் காலையில் நடக்கப் போனேன். பொட்டலில் நாலைந்து பள்ளிப் பிள்ளைகள் வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், நடுவில் ஒருத்தி பறிக்கப் பார்க்க. பாதி பேருக்கு பூட்ஸ் இல்லை. ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி, பந்து தன்னிடம் வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இன்னொரு தடவை பார்க்கிறாளா என்று.