துவர்ப்புக்கு ஒரு கிளாஸ்

தாராவியிலிருந்து பெரியம்மா செம்பூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கோழியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் நாசிக்கில் செய்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டிலைத் திறந்து ஆளுக்குக் கால் டம்ளர் ஊற்றினார். பெரியம்மாவுக்கு வெற்றிலை பாக்கைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. இருந்தாலும் என்னதான் இது என்று ஒரே ஒரு வாய் குடித்துப் பார்த்தவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, இது பாக்கு மென்ன மாதிரில்லா வாயைப் பிடிச்சு இழுக்கு!"

சிவப்பு ஒயினை நான் அதுவரை அவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரியம்மா சொன்னதற்குப் பெயர் துவர்ப்பு. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து நொதிக்க வைப்பார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே ஊறும். நிறமும் டானினும் அதிலிருந்துதான் இறங்குகின்றன. டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு வறண்டு, கன்னம் உள்ளே இழுக்கும். பாக்கிலும் வாழைப்பூவிலும் கடுக்காயிலும் நடப்பது இதேதான். ஆறு சுவையில் ஒன்றாக இதற்கு இடம் கொடுத்து வைத்திருப்பவர்கள் நாம். ஆனால் அன்றாடச் சாப்பாட்டில் புளிப்பும் காரமும் உப்பும் நிறைந்திருக்க, துவர்ப்பு என்னவோ வாழைப்பூ ஆயும் பொறுமை இருக்கிற நாளில்தான் இலைக்கு வருகிறது. அந்தக் காலி இடத்தில் ஒயினை வைத்துப் பாருங்கள். குடிக்கும் பொருளாக நினைக்காமல், தொட்டுக்கொள்ளும் கறியாக நினைத்துக்கொண்டால் பாதி ரசனை வந்துவிடும்.

எதை வாங்குவது? மும்பையில் 'ஒயின்ஸ்' என்று போர்டு மாட்டிய கடைகளில் விஸ்கியும் பீரும்தான் முக்கால்வாசி; ஒயின் ஓர் ஓரத்தில் நிற்கும். ஆயிரம் ரூபாய்க்குள் தேடினால் போதும். அந்த விலைக்குள் கிடைக்கும் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் இளசாகக் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. லேபிளில் ஆண்டு போட்டிருந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் உள்ளதாகப் பாருங்கள். வெயில் படும் ஷோகேஸில் நிற்கும் பாட்டில் வேண்டாம். ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி வந்து திறந்தால், அடிப்பிடித்த ஜாம் வாசனை. பாட்டிலோடு கொட்டினேன்.

பக்கத்திலேயே நாசிக் இருக்கிறது, சுமார் 170 கிலோமீட்டரில். தின்னும் திராட்சைக்குப் பேர்போன அந்த ஊரில் ராஜீவ் சமந்த் 1990-களின் பிற்பகுதியில் ஒயின் திராட்சை நட்டு, 2000-ல் சூலா ஒயினைக் கடைக்குக் கொண்டுவந்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு இந்தத் தொழிலுக்குத் தனிக் கொள்கையே வகுத்த பிறகு ஒயினரிகள் பெருகின. ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் பறிப்பார்கள். இங்கே மழை போனதும் கவாத்து செய்து, ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுகிறார்கள். பகல் வெயில் பழத்துக்கு இனிப்பு ஏற்ற, பனிக்கால ராத்திரியின் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜிலிருந்து ஃப்ராட்டெல்லி நிறுவனத்தின் சாஞ்சியோவேசேயும், நந்தி மலை அடிவாரத்திலிருந்து குரோவர் நிறுவனத்தின் கேபர்நே-ஷிராஸும் மும்பையில் கிடைக்கும். முதல்முறை என்றால் நான் ஷிராஸைத்தான் கைகாட்டுவேன். காரணம் மிளகு. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். எல்லாப் பாட்டிலிலும் அது தூக்கலாக இருக்காது. இருக்கிற பாட்டில் மிளகு வறுவலோடு சேரும்போது, ரசத்துக்கு மிளகு தட்டிய அம்மியின் வாசனை கிளாஸிலிருந்தே வரும்.

இனி, எல்லோரும் செய்கிற தப்பு. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே குடிக்கவேண்டும் என்பார்கள். அது பிரான்ஸ் நாட்டுப் பழைய கல்வீட்டின் அறை. 16, 18 டிகிரி. நம் அடுக்களையில் டிசம்பரிலும் அந்தக் குளிர் இருக்காது. 30 டிகிரியில் ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் முன்னால் வரும், பழவாசனை அதற்கடியில் அமுங்கிப்போகும். சாதத்துக்கு உலை வைக்கும்போதே பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த தேறல் என்ற மதுவைச் சொல்கிறார். அதன் மணத்தோடு குளிர்ச்சியையும் சேர்த்தே சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அப்படிப்பட்ட மது வந்த ஜாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்தன. இந்த வெக்கையில் இதை எப்படிக் குடிப்பது என்று நம் ஆட்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது. விளிம்பு மெல்லிய கண்ணாடி டம்ளர் போதும். கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் வாசனைக்கு. இளம் ஒயின் மூடிக்கொண்டு கிடந்தால் காபி ஆற்றுகிற மாதிரி ஒரு கண்ணாடிச் சொம்பில் ஊற்றி, திரும்ப டம்ளருக்கு மாற்றுங்கள். காற்றுப்பட்டதும் வாசனை எழும். அதைச் சொல்லப் புத்தகத்தில் உள்ள பிளாக்பெர்ரியையும் செடார் மரத்தையும் தேட வேண்டாம். நாவற்பழம், ஊறிய உலர்திராட்சை, கிராம்பு, மாதுங்கா மார்க்கெட்டில் காபிக்கொட்டை வறுக்கும் கடை வாசல் என்று மூக்குக்குப் பழகியதையே சொல்லுங்கள்.

அடுத்தது வாய். முதல் வாயை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். பெரியம்மா மாதிரிதான் முகம் போகும். ஒரு துண்டு கோழியை மென்று விழுங்குங்கள். வாயில் கொழுப்பும் உப்பும் மிஞ்சியிருக்கும்போதே ஒரு மிடறு குடியுங்கள். எச்சிலைப் பிடித்த டானின் இப்போது இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுப்பு தளர்ந்து, பழம் மேலே வரும். அடுத்த துண்டுக்கு வாய் தயாராகிவிடும். கொழுப்புள்ள மட்டன் சுக்கா, சேனை வறுவல், எண்ணெய்க் கத்தரிக்காய் எல்லாம் இதற்கு ஏற்றவை. சேனையின் மாவுத்தன்மையை ஒயின் வெட்டிக்கொண்டு போகும் அழகுக்காகவே சைவ வீடுகள் இதை முயலலாம். உப்பின் வேலையைத் தனியாகப் பார்க்கவேண்டுமா? ஒரு அப்பளத்தைக் கடித்துவிட்டுக் குடித்துப் பாருங்கள்.

சண்டை போடும் பதார்த்தங்களும் உண்டு. பச்சைமிளகாய்க் காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் ஏறும், ஒயினும் கசக்கும். அதனால் அன்றைக்கு மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். வற்றல் குழம்பின் புளிக்கு முன்னால் சாதாரண ஒயின் சப்பென்று ஆகிவிடும். பாயசம் பக்கமே போகாதீர்கள், இனிப்புக்குப் பிறகு குடித்தால் காடி மாதிரி இருக்கும். மோர்சாதம் வருமுன் கிளாஸ் காலியாகிவிடட்டும்.

750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். ஒருவருக்கு ஒன்று என்பதே எங்கள் வீட்டுக் கணக்கு. மகாராஷ்டிரத்தில் ஒயின் குடிக்க வயது 21 ஆகவேண்டும். குடிக்காதவர் இதற்காகத் தொடங்கவும் வேண்டாம். மிச்சத்தைத் திருகுமூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் துவர்ப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தத் திங்கட்கிழமை ராத்திரி மிஞ்சிய வறுவலை அதே சட்டியில் கறுக்கச் சுண்டவைத்து, ஒட்டியதைச் சோறு போட்டுப் புரட்டி எடுத்துச் சாப்பிட்டோம். அதோடு குடித்த மிச்ச ஒயின், ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் திறந்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது.